அழிக்கச் சொன்ன வீடு

ஜெனரேற்றர் புகையும் சூடேறிய மொனிற்றரின் பிளாஸ்ரிக் மணமும்... இப்போது நினைத்தாலும் மூக்கில் நிற்கிறது.

சண்டைக் காலம். டவுனில் ஓர்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு சின்ன ஒபிஸில் எனக்கு முதல் வேலை. பழைய வரைபடத்தை மேசையில் விரித்து, வீடு, கிணறு, ஒழுங்கை என்று ஒவ்வொன்றாகக் கருவியால் தொட்டுக் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும்.

பக்கத்துக் கதிரையில் செல்வி. நிலாவெளிக்கு அப்பால் ஒரு கிராமம் அவளுடையது. இடம்பெயர்ந்து வந்து டவுனில் மாமா வீட்டில் இருந்தாள். மத்தியானம் இருவரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். மீன் துண்டுக்குச் சண்டை, பிறகு சிரிப்பு...

ஒருநாள் புதிய விமானப் படங்கள் வந்தன. அவற்றில் இல்லாத வீடுகளை எங்கள் வரைபடத்திலிருந்து அழித்துவிடச் சொன்னார் ஒபிஸ் பொறுப்பாளர். கடகடவென்று அழித்துக்கொண்டு போன செல்வியின் கை திடீரென்று நின்றது.

“அக்கா, இது எங்கட வீடு.”

புதிய படத்தில் அந்த இடத்தில் பற்றைக்காடு மட்டும்தான்.

“என்னால ஏலாது. நீங்கள் அழியுங்கோ.”

எனக்கும் மனம் வரவில்லை. எழுந்து பொறுப்பாளரிடம் போனேன்.

“சேர், அழிச்சால் அங்க ஆக்கள் இருந்ததே தெரியாமப் போயிடும்.”

அவர் வந்து செல்விக்குப் பின்னால் நின்று திரையைக் குனிந்து பார்த்தார்.

“சரி பிள்ளை, ஒண்டையும் அழிக்க வேண்டாம். எந்த வருசம் தொட்டு, எந்த வருசம் வரைக்கும் இருந்ததெண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் பதியுங்கோ. அழிச்சதுகளையும் திருப்பிப் போடுங்கோ.”

பழைய வரைபடங்களைப் பார்த்து ஏழெட்டு நாளாகப் போட்டு முடித்த பிறகு, எந்த வருடத்தைக் கேட்டாலும் அந்த வருடத்து ஊர் திரையில் வந்தது. செல்வி தான் பள்ளிக்கூடம் போன வருடத்தைக் கேட்டாள். வீடுகள் நிறைந்து வந்தன. “இது பெரியம்மா வீடு... இது கோயிலடி...” என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு கல்யாணமாகிக் கனடாவுக்குப் போய்விட்டாள்.

போன மாதம் போன் எடுத்தாள். அவள் அங்கே, நான் இங்கே, இன்ரநெற்றில் அதே ஊரை வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்களை வருடம் வருடமாகப் பார்த்தோம். பற்றை, பிறகு ஒரு றோட்டு, பிறகு கூரைகள்...

“அக்கா, எங்கட வளவில தகரக் கூரை தெரியுது. ஆரோ இருக்கினம்.”

“ஓம்.”

“நல்லம்...” என்றாள்.

இப்போது ஒரு வருடத்தைத் தாண்ட விரலால் ஒருமுறை தள்ளினால் போதும். அன்று அந்த வருடங்களைப் பதிய ஒரு கிழமை வேலை. ஆனால் அந்தக் கிழமை முழுவதும் அவள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்...