நாகஜோதி சேர்த்த முதலுதவிப் படை

நாகஜோதிக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அந்த வாய் இல்லையென்றால், கம்பம் டவுனுக்கு மேற்கே மலையடிவாரத்தில் கிடக்கிற அந்தச் சின்ன ஊருக்கு முதலுதவிப் பயிற்சி என்று ஒன்று வந்தே இருக்காது.

இருட்டோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளா பக்கம் ஏலக்காய் எடுக்கப் போய், பொழுது சாயத் திரும்புகிற பொம்பளைகளில் அவளும் ஒருத்தி. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவள் போன ஜீப் மலைரோட்டில் ஒரு வளைவில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அனுசுயாவுக்குத் தொடையில் ஆழமான வெட்டு. சுற்றி நின்றவர்கள் அழுதார்கள், சாமியைக் கூப்பிட்டார்கள், அவள் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். ஒரு துணியை மடித்து அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் அனுசுயா போய்விட்டாள்.

அந்தச் சாவு நாகஜோதியை உலுக்கிவிட்டது. ஊருக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்று மனுநாள் தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள். கூலி போச்சே என்று புருசன் வேல்பாண்டி திட்டினான். திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டான். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு என்று அலைந்து அலைந்து, கடைசியில் மதுரைப் பக்கமிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். ஞாயிறுதோறும் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. ஜீப்பில் போகிற பொம்பளைகள் பொம்மையின் நெஞ்சை அமுக்கப் பழகினார்கள். ரத்தத்தை நிறுத்த, முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்ட, முதுகெலும்பில் அடிபட்டவரைத் தூக்காமல் கழுத்து அசையாமல் பிடிக்க, எல்லாம் படித்தார்கள். பரீட்சை வைத்து, தேறியவர்களுக்குப் போட்டோ ஒட்டிய கார்டும் சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஆம்பளைகளையும் கூப்பிடத்தான் செய்தாள். திராட்சைத் தோட்டம் பார்க்கிற சுருளிராஜன், "வாரத்துல ஒருநா கறிச்சோறு திங்க விடமாட்டியா தங்கச்சி" என்று சிரித்தபடியே நழுவினார். தென்னை ஏறிப் பிழைக்கிற வேல்பாண்டியோ, "பொம்பளைக பொம்மைய வச்சு வெளையாடுற எடத்துல எனக்கென்னடி சோலி" என்றான்.

அவளும் பெரிசாக வற்புறுத்தவில்லை. ஆபத்து என்றால் அது மலைரோடு என்றே எல்லோர் மண்டையிலும் பதிந்து கிடந்தது. கார்டு வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஒரே ஜீப்புக்காரர்கள், ஓட்டுகிற ஆசாத் உட்பட. காலையில் அந்த ஜீப் கிளம்பிவிட்டால் படித்த ஆள் ஒருத்தர்கூட ஊரில் மிச்சமில்லை. எவ்வளவு பெரிய ஓட்டை! அது ஒருத்தர் புத்தியிலும் படவில்லை பாருங்கள். வகுப்பெடுத்த புண்ணியவான்களும் கேட்கவில்லை. பகலெல்லாம் ஊரில் யாரம்மா இருப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஒருநாள் மத்தியானம் ஏலத்தோட்டத்தில் நாகஜோதி தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்த நேரம் போன் அடித்தது. சுருளிராஜன்தான்.

"தங்கச்சி, பதறாத. மாப்ள தென்னையிலருந்து விழுந்துட்டாப்ல."

நாகஜோதி பதறி எழுந்தாள். ஆனாலும் படித்தது கைவிடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள். பொம்பளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"மூச்சு இருக்காண்ணே?"

"பேசுறாப்ல. இடுப்பு விண்ணுவிண்ணுனு தெறிக்குதுங்கிறாப்ல."

"கால்வெரல ஆட்டச் சொல்லுங்க."

அங்கே அவர் வேல்பாண்டியிடம் கேட்பது போனில் கேட்டது. "ஆட்டுறாப்ல தங்கச்சி. ரெண்டு காலும் நல்லா ஆடுது."

அப்பாடா என்று கூட வேலை பார்க்கிற பாண்டியம்மாள் நாகஜோதியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாகஜோதி போனை வாய்க்கருகில் வைத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அண்ணே, அப்பிடியே கெடக்கட்டும். தூக்காதீக, பெரட்டாதீக. தலைய மட்டும் ரெண்டு கையால அசையாமப் பிடிச்சுக்கங்க. நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. வாராக, வாராகன்றாக."

"வார வரைக்கும் தொடாதீகண்ணே. ஒங்க கால்ல விழுறேன்."

அதற்குள் அங்கே வேறொரு குரல் சீறியது: "ஏலே, ஆள வெயில்ல போட்டுட்டுப் போன்ல என்னலே பேச்சு? உசுரு போகவா?" அந்த ஊரில் அடிபட்டவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது மாதிரி மானக்கேடு கிடையாது. ரெண்டு பேர் அள்ளித் தூக்கி, பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டு பறக்க வேண்டும். எவ்வளவு வேகமாகப் பறக்கிறார்களோ அவ்வளவு பாசம்.

"நீ வையி தங்கச்சி, நாங்க பாத்துக்கிறோம்" என்றார் சுருளிராஜன். போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததை எல்லாம் மலைமேலிருந்து கேட்டார்கள். நீ காலப் பிடி, நீ கக்கத்துல குடு, தூக்கு, தூக்கு. வேல்பாண்டி "ஆத்தா" என்று அலறினான். அந்த மாதிரிச் சத்தம் அவனிடமிருந்து அவள் கேட்டதேயில்லை. "வேணாண்ணே, வேணாண்ணே" என்று நாகஜோதி கத்தினாள். சட்டைப்பைக்குள் கத்தி யாருக்குக் கேட்கும்? கழுத்தைப் பிடிக்கத் தெரிந்தவள், பலகையில் கட்டத் தெரிந்தவள் என்று ஒரு படையே மலைமேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஆசாத் ஜீப்பை எடுக்க ஓடினான். எடுத்து என்ன செய்ய? இறங்கிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். போனில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பெரியாஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வேல்பாண்டிக்கு நினைவு நன்றாக இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் ஒன்றுமில்லை. கிள்ளிப் பார்த்தாள், தெரியவில்லை என்றான். விரலை ஆட்டச் சொன்னாள். அவன் முகத்தைச் சுளித்து முக்கிப் பார்த்தான். விரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

டாக்டர் வந்து, விழுந்ததுமே கால் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டார்.

"இல்லங்க சார்" என்று சுருளிராஜன் முந்திக்கொண்டார். "விழுந்தப்ப ஜம்முனு வெரல ஆட்டுனாப்ல. இங்கன கொண்டாந்து எறக்குனப்பதான் பாத்தோம், காலு தொவண்டு போச்சு."

டாக்டர் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு நாகஜோதியைப் பார்த்தார். ஆபரேசன் செய்து பார்க்கலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"டாக்டர் ஏன் ஒருமாதிரியாப் பாத்துட்டுப் போறாக தங்கச்சி?" என்றார் சுருளிராஜன்.

சொல்லிவிடலாம் என்றுதான் நாகஜோதி வாயைத் திறந்தாள். வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கியவள் ஆயிற்றே. ஆனால் அந்த மனுசன் செருப்புக்கூட இல்லாமல் வந்திருந்தார். சட்டையெல்லாம் வேல்பாண்டியின் ரத்தம். மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, தன் சொந்தத் தம்பி படுத்திருக்கிற மாதிரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள்.

"நீ ஒண்ணும் கலங்காத. இனிமே ஒன் ஒருத்தி சம்பாத்தியம்தான், அதுனால வேலைய விட்றாத. தெகிரியமா மலைக்குப் போயிட்டு வா" என்று சுருளிராஜன் அவள் தலையில் கை வைத்தார். "ஊர்ல எவனுக்கு என்ன ஆனாலும், வாராத வண்டிக்குக் காத்துக் கெடக்க மாட்டோம். மாப்ளயக் கொண்டாந்த மாதிரியே கொண்டாந்து சேத்துருவோம்."