போட் என்றால் என்ன?

எனக்கு எழுபத்தொரு வயசு. பெற்றது ஐந்து, ஐந்தையும் ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். இதை நான் சொல்லச் சொல்ல மூத்த பேத்தி அனு போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து புனேவுக்கு, பாணேரில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு சுனந்தா தாயி (இங்கே அக்காவைத் தாயி என்பார்கள்) என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். என் இடுப்பில் இருக்கும் சின்னப் பேத்தி மீனாவைப் பார்த்து, "போட் தாகவ்தே கா?" தாகவ் என்றால் காட்டு. அது காய்க்காரியிடம் கற்றது. போட்டு எனக்குத் தெரியாதா? விடியுமுன் எங்கள் ஊரில் மீனுக்குக் கிளம்புகிறதே, அதுதான். தூத்துக்குடிக்காரி என்று தெரிந்து, பிள்ளைக்குப் போட்டு காட்டினாயா என்று விசாரிக்கிறாள், என்ன மரியாதை! அன்றைக்கே மகனின் ஆபீஸ் காகிதத்தில் பத்துக் கப்பல் செய்து கொடுத்தேன்.

மீனாவுக்கு அப்போது ஒன்றேமுக்கால் வயசு. கப்பல்களைச் சுவரோரம் நூல் பிடித்த மாதிரி வரிசையாக அடுக்கினாள். ஒன்றை நகர்த்தினால் வீடே இடிகிற அழுகை. "ஹார்பர் மாதிரி அடுக்குதா பாரு, என் மூளை" என்று பீற்றிக்கொண்டேன். மருமகள் கவிதாவுக்குத்தான் முகம் வாடியது.

"அத்தை, பேரைச் சொன்னா திரும்பவே மாட்டேங்கிறா. டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஏட்டி, உன் புருஷனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். இப்போ மூடச் சொல்லு பாப்போம்! வீட்டுல தமிழு, வேலைக்காரி இந்தி, எதுத்த வீடு மராத்தி. பிள்ளை எதைன்னு பேசும்? அஞ்சு வளத்தவ நான்."

மூன்று மாதம் இப்படியே அவள் வாயை அடைத்தேன்.

ஒருநாள் தாயி வீட்டுக்குள்ளேயே வந்து "போட்?" என்றாள். நான் பெருமையாகக் கப்பல் வரிசையைக் காட்டினேன். அவள் கப்பலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி "ஹே போட்!" என்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் முந்தானையை இடுப்பில் சொருகினேன். அனு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆச்சி, மராத்தில போட்னா விரல். மீனா விரல் நீட்டிக் காட்டுறாளான்னுதான் இத்தனை நாளா கேக்கறாங்க. அவங்க பால்வாடி டீச்சரா இருந்தவங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஐந்தும் ஒரு வயசு வாக்கிலேயே காக்காயைக் காட்டும், நிலாவைக் காட்டும், அடுத்தவள் தட்டு மீனைக் காட்டி மானத்தை வாங்கும். மீனா எதையும் காட்டியதில்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியை எடுத்துப்போகிற மாதிரி கையை மட்டும் டப்பாவுக்கு இழுப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பேருக்குத் திரும்பாத பிள்ளை, அடுத்த அறையில் பிஸ்கட் காகிதம் சரசரத்தால் ஓடிவரும். இதெல்லாம் என் கண்ணில் படாமலா இருந்தது? ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் நானே கவிதாவைக் கிளப்பினேன். ஒரு அடையாளத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது என்று டாக்டரம்மா பலமுறை பார்த்தார். பிறகு ஆட்டிசம் என்றார். மூன்று மொழியால் வந்ததில்லை, வளர்ப்பால் வந்ததுமில்லை, பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்றார். "மூணு மாசம் என்னால போச்சு" என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சி நடக்கிறது. போன வாரம் மீனா வந்து என் கையை எடுத்தாள். டப்பாவுக்கு இழுக்கவில்லை. மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் விட்டு, அலமாரி மேலிருந்த காகிதக் கப்பலுக்கு நேரே திருப்பினாள். ஒரு நொடி என் முகத்தையும் பார்த்தாள். வாசலில் நின்ற தாயி "போட்! போட்!" என்று கத்தினாள். நானும் "போட்டு! போட்டு!" என்று கத்தினேன்.

அனு, முதல்லயிருந்து வாசிச்சுக் காட்டு. போட் வர்ற இடத்துல எல்லாம் நிறுத்து. எது இந்த ஊர்ப் போட், எது அந்த ஊர்ப் போட்டுன்னு நான் சொல்லுதேன்.