ஏழும் அறுபதும்

மகளின் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தபோது எழுந்த சாக்பீஸ் மணம், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இப்போது இடிக்கப்பட்டுவிட்ட குழாயடிச் சுவருக்கு என்னை இழுத்துப்போனது. நம் அணி ஆஸ்திரேலியாவில் தோற்றுக்கொண்டேயிருந்த அந்தக் குளிர்காலத்தில், இரவு ஷிப்ட் முடிந்து அப்பா தூங்க, நான் ரேடியோவில் இந்தி வர்ணனை கேட்டு, ஒர்க்ஷாப்பிலிருந்து சாப்பிட வருபவர்களுக்காக அந்தச் சுவரில் ஸ்கோர் எழுதுவேன். ஒரு டெஸ்டில் வெற்றிக்கு இன்னும் அறுபது ரன் வேண்டும் என்றதை ஏழு என்று எழுதிவிட்டேன். இந்தியில் இரண்டும் என் காதுக்கு ஒரே 'ஸாத்'தான். ஜெயித்தாயிற்று என்று விசிலடித்தபடி வேலைக்குத் திரும்பினார்கள். அணி தோற்றது.

சாயங்காலம் அப்பாவின் கூட்டாளி வாசலில் வந்து நின்றார். "இன்னா மேஸ்திரி, ஏழு ரன்னு எடுக்கத் துப்பில்லையா நம்மாளுங்களுக்கு? யாரு எழுதுனது?"

"அப்பாதான் ஏழுன்னு சொன்னாரு," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஹவ்பா, தூக்கக் கலக்கம்," என்று ஆமோதித்தார்.

ஓய்வுபெறும்வரை ஒர்க்ஷாப்பில் அவர் பெயர் 'ஏழு ரன்'. இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவர் மறந்திருந்தால் கிளறிவிடுவேனோ, மறக்காமலிருந்தால் இத்தனை வருடம் ஏன் வாய்திறக்கவில்லை என்பாரோ என்று குழம்பி, இன்றும் அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்லப் போய், காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.