ஒச்சம்மாள் ஊற்றிய மண் தண்ணீர்

ஒச்சம்மாளை முதன்முதலில் பார்த்தபோது என் கையில் ஒரு பிடி மண் இருந்தது. 1968. எங்கள் ஊரிலேயே முதல் ஆளாக நான் பி.ஏ. தேறியிருந்த மாதம். பெரியப்பா பூமிநாதன் பதின்மூன்று நாளாகப் படுக்கையில் கிடந்தார். சிங்கம்புணரி டாக்டர் கையை விரித்துவிட்டார். சோறும் இறங்கவில்லை, உயிரும் பிரியவில்லை. மனசு நிலத்திலேயே நிற்கிறது, வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடுவார் என்று உறவுக்காரர்கள் என்னை வயலுக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தால், தலைமாட்டில் ஓர் அம்மாள் உட்கார்ந்து ஈரத்துணியால் பெரியப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். நாச்சியாபுரத்துக்காரர், எங்களுக்குச் சொந்தமில்லை. சுற்றுவட்டாரத்தில் யார் சாகக் கிடந்தாலும் கேள்விப்பட்டதும் நடந்தே வந்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கடைசிவரை பக்கத்தில் இருப்பவர். அதனாலேயே அவரைக் கண்டால் ஜனங்களுக்குப் பயம்.

“இவுக வந்துட்டாகளா? அப்ப முடிஞ்சது!” என்று பெரியம்மா பொன்னுத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான் வந்ததாலயா படுத்தாரு தாயி? படுத்ததாலதான் வந்தேன்” என்றார் ஒச்சம்மாள்.

மண்ணைக் கரைத்துக் கொடுத்தோம். அவர் உடனே ஊற்றவில்லை. பெரியப்பாவின் காதருகே குனிந்தார்.

“அண்ணே, மண்ணு கரைச்சு வச்சிருக்காக. ஊத்தவா, வேண்டாமா?”

அத்தனை நாளில் பெரியப்பாவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார். ஒரு மடக்கு உள்ளே போனதும் முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“உப்புக் கரிக்குது. இது நம்ம வயலா? சேவுகன் வயலுடா!”

வரப்புக்கு அங்குட்டு இறங்கி அள்ளியிருக்கிறேன். அந்த வரப்பை யார் வெட்டிக் குறைத்தது என்ற சண்டையில்தான் பெரியப்பாவும் சேவுகன் மாமாவும் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

ஒச்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பி.ஏ. படிச்ச புள்ளைக்கு வரப்பு தெரியலையே!”

சாவு வீடாகப் போகிற இடத்தில் சிரிப்பதா என்று எல்லோரும் திகைத்து நிற்க, பெரியப்பாவின் தோளும் குலுங்கியது.

“இப்பச் சொல்லுங்கண்ணே. என்ன வேணும்?”

“அந்தச் சேவுகப்பயலக் கூப்பிடு.”

மாமா வந்து வாசலிலேயே நின்றார். “என்ன மச்சான், எம் மண்ணத் திருடித் திங்கிறீகளாமே?”

“திங்கிற மாதிரியா வச்சிருக்க? எருவைப் போடுடா!”

மாமா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அன்று பெரியப்பா கஞ்சி கேட்டார்.

மேலும் பதினெட்டு நாள் இருந்தார். ஒச்சம்மாளும் தங்கிவிட்டார். தினமும் மாமா வந்து கஞ்சி ஊட்ட, ஒருவரை ஒருவர் வைதுகொள்ள, வீடே சிரித்தது. வரப்புப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. மண்ணை யாரும் மறுபடி கரைக்கவில்லை. ஒரு மத்தியானம் மாமாவின் கையைப் பிடித்தபடியே பெரியப்பா போனார்.

கொல்லைப்பக்கம் ஒச்சம்மாள் தேம்பிக்கொண்டிருந்தார். “இத்தனை சாவு பாத்தும் பழகலையா அத்தை?” என்றேன்.

“பதினெட்டு நாள் எங்கூடச் சிரிச்ச மனுசன்யா!” மூக்கைச் சிந்தியவர், உப்பு மண்ணை நினைத்து மறுபடி சிரித்துவிட்டார். “எம் புருசன் சாகையில என்னமோ கேட்டாராம். நான் நடவுல நின்னேன். என்ன கேட்டாருன்னு இன்னைக்கும் தெரியாது. அதான் போற எடமெல்லாம் கேட்டுக்கிறேன்.”

இது 1976. ஒச்சம்மாளுக்கு முழங்கால் வலி, முன்போல நடக்க முடிவதில்லை. நாச்சியாபுரத்தில் மகள் அழகி வீட்டில் இருக்கிறார். யாராவது படுத்துவிட்டால், அந்த வீட்டுக்காரர்களே மாட்டுவண்டி கட்டி வந்து அவரை அழைத்துப் போகிறார்கள்.