ஜன்னல் இல்லாத கேபின்

பிள்ளைப்பாக்கத்தில் குடியேறிய முதல் வாரம், வீட்டுக்காரர் ஏகாம்பரம் கதவுக்கு வெளியே நின்று, "இன்னாப்பா, வூட்லகீறியா?" என்று கேட்டார். நான் உள்ளே காலண்டர் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சுவரைக் கீறுகிறேனா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, "இல்ல அண்ணாச்சி, ஒரே ஒரு ஆணிதான், கீறல் விழாது" என்றேன். அவர் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினுகீறேன்?" என்றார். தூத்துக்குடிப் பக்கம் மரியாதைக்குரிய ஆண் எவரும் அண்ணாச்சி. இங்கே பருப்பும் புளியும் நிறுத்துக் கொடுப்பவர் மட்டுமே அண்ணாச்சி. 'கீறியா' என்றால் இருக்கிறாயா. இதெல்லாம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒன்பது வருடங்களுக்குப் பிறகும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். "கீறேன் அண்ணே" என்று பதில் சொல்கிறேன். ஊரில் போய் வாய்தவறி இதைச் சொன்னால் மருந்து வாங்கி வருகிறார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்காக இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஒரகடம், மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர், நடுவே கம்பெனிகள். கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் நெல் நடுகிறார்கள். ஏகாம்பரம் அண்ணன் நிலத்தின் பாதியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் ஆறு வீடுகள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார். ஒரு கம்பெனியின் பஸ்ஸும் ஓட்டுகிறார். அதே கம்பெனியில்தான் நான் கார் கதவுகளுக்கான ரப்பர் அடிக்கும் பிரஸ்ஸில் நிற்கிறேன். மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்கிற ரப்பர். என் மனைவி செல்வியும் ஏகாம்பரத்தின் மனைவி சரளா அக்காவும் அங்கே கேன்டீனில் வேலை செய்கிறார்கள். குடியிருப்பவர்களை அண்ணன் ஊர்ப்பெயரால் அழைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் தேனி. நான் தூத்துக்குடி.

போன வருடம் சரளா அக்காவுக்கு வயிற்றில் ஒரு பெரிய ஆப்பரேஷன் நடந்தது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து போனில் வீடியோ பார்த்ததில், குடும்பம் குடும்பமாகக் கப்பலில் போகிறவர்கள் மேல் அவருக்கு ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அண்ணன் என் கதவுக்கு வந்தார்.

"தூத்துக்குடி, ஒரு தபா கப்பல்ல போவணும்னு அக்கா சொல்லிக்கினே கீறா. நீதான் கடல்காரனாச்சே. டிக்கெட்டு எப்ப சல்லீசா கெடைக்கும்னு பாத்து சொல்லு."

கடல்காரனுக்குக் கப்பல் டிக்கெட் விவரம் தெரியும் என்பது, நெல் நடுபவனுக்கு ஓட்டல் பிரியாணி விலை தெரியும் என்பதுபோலத்தான். அதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்ததில், "பாக்குதேன்" என்று வாயில் வந்துவிட்டது.

நான் கடலை விட்டு வந்தவன். பத்தொன்பது வயதில் ஃபைபர் படகில் மூன்று பேராகப் போனோம். இரண்டாம் நாள் எஞ்சின் நின்றது. அதன்பின் ஐந்து நாள் நீரோட்டம் இழுத்த பக்கம் போனோம். அப்படி மிதந்த நான்காம் நாள் காலையில் ஒரு பெரிய கப்பல் மிக அருகே வந்தது. அதன் பக்கவாட்டில் துருப்பிடித்த இடங்களைக்கூட எண்ணலாம். துடுப்பில் சட்டையைக் கட்டி ஆட்டினோம். மேலே ஒரு ஆள் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். சிரித்தபடி கையசைத்தார். கப்பல் போய்விட்டது. மறுநாள் வேறு ஊர்ப் படகு ஒன்று எங்களைக் கட்டி இழுத்து வந்தது. மூன்று பேரும் பிழைத்தோம், அதனால் ஊரில் இது பெரிய செய்தி ஆகவில்லை. நான் மட்டும் அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்கவில்லை. செல்விக்கு இது தெரியும். எங்கள் மகள் ஜெனிக்குத் தெரியாது. அவள் இரண்டு வயதிலிருந்து இங்கே வளர்ந்தவள், இப்போது பதினொரு வயது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் எனக்கு அவசர வேலை வந்துவிடும்.

இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று மாதம் டீ டைமில் டிக்கெட் ஏஜென்சிகளுக்குப் போன் அடித்தேன். என்னைப்போல் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கற்றதைச் சொல்கிறேன். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகையை நம்ப வேண்டாம். துறைமுகக் கட்டணமும் வரியும் அதன் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். குழந்தை இலவசம் என்றாலும் குழந்தைக்கும் அது உண்டு. ஆறு மாதம் முன்னால் பதிவு செய்தால் தள்ளுபடி என்பார்கள். அது ஆறு மாதம் கழித்து எந்த ஷிஃப்டில் இருப்போம் என்று தெரிந்தவர்களுக்கான தள்ளுபடி. எங்கள் கம்பெனியில் மெஷின் பராமரிப்புக்கு வருடம் ஒருமுறை லைனை நிறுத்துவார்கள். அந்தத் தேதி ஒரு வாரம் முன்னால்தான் நோட்டீஸ் போர்டில் ஏறும். ஆனால் கப்பலும் காலி அறையோடு கிளம்ப விரும்புவதில்லை. புறப்பட ஏழெட்டு நாள் இருக்கும்போது, பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகவும் வார நாளாகவும் இருந்தால், மீந்த அறைகள் பாதி விலைக்கும் கீழே இறங்கும். அதை யாரும் நமக்குப் போன் செய்து சொல்ல மாட்டார்கள். தினமும் நாமே கேட்க வேண்டும். எந்த அறை என்று நாம் சொல்லக் கூடாது, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆதாரில் இருக்கிறபடி பெயர் இருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு மனம் மாறக் கூடாது. உள்நாட்டுக்குள் போய்த் திரும்பும் கப்பல் என்றால் பாஸ்போர்ட்டும் வேண்டாம்.

நோட்டீஸ் போர்டில் தேதி ஏறிய அன்றே விலையும் இறங்கியிருந்தது. சென்னையில் ஏறி, இரண்டு இரவு கடலில் சுற்றி, சென்னையிலேயே இறங்குவது. எங்கள் கம்பெனி பஸ் மாதிரிதான். அண்ணனிடம் சொன்னேன். சரளா அக்கா உள்ளேயிருந்து வந்தார்.

"நீ வராம நாங்க எப்டி தம்பி போறது? நடுக்கடல்ல எதனா ஒண்ணுன்னா எங்களுக்கு இன்னா தெரியும்?"

"கப்பல்ல கேப்டன் இருப்பாருக்கா."

"அவரு யாரோ. நீ நம்ப வூட்டுப் புள்ள."

ஜெனி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் செல்வி பாத்திரம் கழுவியபடி, என்னைப் பார்க்காமல், "நீங்க வராட்டாலும் நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போவேன். நம்ம பிள்ள எத்தன நாளைக்குக் கடல டிவில பாக்கும்?" என்றாள். அவர்கள் இருவரும் கப்பலில் இருக்க, நான் கரையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுநாள் ஏஜென்சிப் பெண்ணுக்குப் போன் செய்து இரண்டு கேபின் கேட்டேன்.

"பால்கனி, ஓஷன் வியூ, இன்சைடு, எது சார் வேணும்?"

"ஜன்னல் இல்லாதது."

"அதுல கடலே தெரியாது சார்."

"அதுதான் வேணும்."

"அப்ப எதுக்கு சார் கப்பல்?" என்று கேட்டாள். வேலைக்குப் புதியவளாக இருக்க வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். கப்பலை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏறும் பாலத்தில் என் காலை மட்டும் பார்த்து நடந்தேன். கேபின் நான்கு சுவரும் ஒரு விளக்குமாக மிக நன்றாக இருந்தது. எஞ்சின் சத்தம் எங்கள் பிரஸ் சத்தம் போலவே இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினேன். சாப்பிட மட்டும் வெளியே வந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஏகாம்பரம் அண்ணன் ஆறு வகை இனிப்பை ஒரே தட்டில் வைத்துக்கொண்டு, "சோக்கா கீது" என்றார். சரளா அக்கா மேல்தளத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டார். நாள் முழுக்க, தண்ணீரை யாரோ தனக்காகப் படமாகப் போட்டுக்காட்டுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு ஜெனி வந்து போர்வையை இழுத்தாள். "இன்னாப்பா நீ, இங்க வந்தும் நைட் ஷிஃப்ட் முடிச்சவன் மாரி தூங்கினுகீற? மேல வரியா இல்லியா?" அவள் பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. போனேன்.

மேலே கம்பியோரம் கூட்டமாக நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு ஃபைபர் படகு. "அப்பா, டாட்டா காட்றாங்க பாரு!" என்று ஜெனியும் கையசைத்தாள். படகு அலைக்குக் குறுக்கே கிடந்தது. எஞ்சின் மூடி திறந்திருந்தது. தண்ணீரில் வலை இல்லை. ஒரு கம்பில் நீலச் சட்டை கட்டியிருந்தது. டாட்டா காட்டுபவன் ஒரு கையைத்தான் ஆட்டுவான். படகில் நின்றவன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கினான்.

ஜூஸ் தட்டோடு வந்த சிப்பந்தியைப் பிடித்து நிறுத்திப் படகைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்கு இந்தி வராது. "யெஸ் சார், ஃபிஷிங் போட், வெரி நைஸ்" என்றார். படகு பின்னால் தெரிய எங்களைப் படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி, போனுக்குக் கை நீட்டினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் என் மெஷினில் எழுதியிருப்பதுதான். அதைக் கத்தினேன். "பிரேக்டவுன்! பிரேக்டவுன்! எமர்ஜென்சி ஸ்டாப்! இன்ஃபார்ம் சூப்பர்வைசர்!" அவர் முகம் மாறியது. படகைத் திரும்பிப் பார்த்தார். தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு, சுவரிலிருந்த போனை நோக்கி ஓடினார்.

கப்பல் நம் பஸ்போல உடனே நிற்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. படகு எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. சிறிதாகிக்கொண்டே போனது. கையசைத்தவர்கள் பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டார்கள். கைகளைத் தூக்கியவன் அவற்றைத் தொங்கவிட்டு உட்காருவது தெரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருல, இருல" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். பக்கத்தில் நின்ற செல்வி பிறகு சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத் தளம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. கப்பல் திரும்பியது.

சின்னப் படகை இறக்கித் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். மூன்று பேர். எந்த ஊர் என்று தெரியவில்லை, அவ்வளவு உயரத்திலிருந்து குரல் கேட்காது. கரைக்குத் தகவல் போய், காவல் படகு வந்து அவர்களைக் கட்டி இழுத்துப் போகும்வரை கப்பல் அங்கேயே நின்றது. இருட்டத் தொடங்கியது. நேரமாகிவிட்டதால் அன்றைய மேஜிக் ஷோ ரத்து என்று அறிவித்தார்கள். முழு டிக்கெட் வாங்கி வந்திருப்பதாக ஒருவர் சிப்பந்தியிடம் சத்தம் போட்டார். ஏகாம்பரம் அண்ணன் எழுந்தார். "யோவ், அங்க மூணு உசுரு கீதுயா. மேஜிக்காம் மேஜிக்கு. குந்துயா அப்டி." சத்தம் போட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

கேபினில் ஜெனி என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "உனக்கு எப்டிப்பா தெரிஞ்சிது?" என்று கேட்டாள். சொன்னேன். எஞ்சின் நின்றது, துடுப்பில் கட்டிய சட்டை, மேலே நின்று சிரித்தவர், எல்லாம். செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும்.

"அந்த ஆளு அப்றம் திரும்பி வரவே இல்லியா?"

"இல்ல."

ஜெனி கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியலபோலப்பா. நானும் டாட்டாதான் காட்னேன்" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஆளை எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளாலும் திட்டியிருக்கிறேன். இப்படி ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "ஆமா, தெரியாமத்தான் இருந்திருக்கும்" என்றேன். மறுநாள் விடியும்போது மேலே போய், மூன்று பேருமாக நின்று கடலைப் பார்த்தோம். சூரை மீன் கூட்டம் எப்படித் தண்ணீரைக் கலைக்கும் என்று ஜெனிக்குக் காட்டினேன். சரளா அக்கா தன் நாற்காலியிலிருந்து, "நான் சொன்னேன்ல, நீ வரணும்னு" என்றார்.

இறங்கும்போது கேப்டன் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் ஒரு கூடைப் பழமும் கொடுத்தார்கள். கூடவே அடுத்த பயணத்துக்குப் பெரிய தள்ளுபடிக் கூப்பன் ஒன்று. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் பதிவு செய்தால்தான் செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. பழம் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனேன். பிரஸ் முன்னால் நின்றதும் தரை ஆடியது. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோடுகள் ஏறி இறங்கின. "இன்னாப்பா, சரியா தூங்கலியா?" என்றார் சூப்பர்வைசர். "நல்லாத்தான்கீறேன் சார்" என்றேன். மெஷின் ஓடத் தொடங்கியது. கைகள் ஒன்பது வருடப் பழக்கத்தில் ரப்பரை வைத்து, பட்டனை அழுத்தி, எடுத்து அடுக்கின. குனிந்து பார்த்தேன். கால்கள் என்னைக் கேட்காமலே அகன்று, விரல்கள் ஷூவுக்குள் மடங்கித் தரையைப் பற்றிக்கொண்டு, படகில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சேர்த்து வைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.