ஷமீலின் முதலாளிமார்

புட்டை உதிர்த்துக்கொண்டே ஷமீல் போன் பேசுவான். "சொல்லுங்க முதலாளி." "ஆமா முதலாளி." "உங்க சேனல்தானே முதலாளி." காலையில் தொடங்கினால் புட்டு ஆறி, பழம் கறுத்து, சாயாவில் ஆடை படியும்வரை இதே பாட்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி ஜெஸ்னாவுக்கு ஒரு வாய் தொண்டையில் இறங்காது.

கோழிக்கோட்டில் ஷமீலைத் தெரியாத ஓட்டல்காரர் கிடையாது. கடை கடையாகப் போய்த் தின்றுவிட்டு, உள்ளதை உள்ளபடி யூடியூபில் போட்டு உடைப்பவன். "இது பிரியாணி இல்ல இக்கா, சோத்துக்கு நடந்த விபத்து" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, காசையும் கொடுத்துவிட்டு வருவான். ஜெஸ்னாதான் கேமரா. அடி விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வாள். ஷமீலின் அந்த வாய்க்குத்தான் வளைகுடா முழுக்க ரசிகர்கள்.

போன வருஷம் வண்டி, ஸ்டூடியோ, சொந்த மசாலாப் பொடி என்று ஆசை வளர்ந்தது. பாங்க் வாசலில் போய் நிற்பானேன், ரசிகர்களையே பங்கு சேர்த்துக்கொள்வோமே என்றான். நாலு பேர் சேர்ந்து சாயா குடித்தால், எழுந்திருப்பதற்குள் ஒரு கூட்டுக் கடைக்குப் பெயர் வைத்துவிடும் ஊர் இது. சொல்லவா வேண்டும்? பணம் வந்தது. கூடவே முதலாளிமாரும் வந்தார்கள்.

ஓமானில், சலாலாவில் இருக்கும் ஒருவருக்கு ஷமீலின் நீலச் சட்டை பிடிக்காது. சவூதியில், தமாமில் இருக்கும் ஒருவர், "கேமரா ஆடுது, அந்தப் புள்ளைய மாத்திடுங்க" என்கிறார். அந்தப் புள்ளை ஜெஸ்னாதான். லீவில் வருகிறவர்கள் பாதாம் பொட்டலத்தோடு நேரே வீட்டுக்கு வந்து, "நம்ம ஆபீஸ் எப்படிப் போவுது?" என்று ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மலபாரில் ஓட்டல் வைத்திருக்கும் மாமா யாருக்குத்தான் இல்லை? "அங்க மட்டும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க ஷமீலே" என்று ஆளாளுக்குப் போன். எந்த நாக்கை நம்பிப் பணம் போட்டார்களோ, அந்த நாக்கையே கட்டிப்போட்டுவிட்டார்கள். அது போனால் மசாலாப் பொடியை எவன் வாங்குவான்? பணம் போட்டவர்களுக்கும் இது புரியவில்லை, அதை வாங்கின ஷமீலுக்கும் புரியவில்லை.

நேற்று மத்தியானம் திரூரில், ஷார்ஜா நவ்ஃபலின் மாமா திறந்த புதுக் கடை. வண்டியிலேயே ஜெஸ்னா கேட்டுவிட்டாள்.

"நல்லா இல்லன்னா என்ன சொல்வீங்க இக்கா?"

"நல்லா இருக்கும்."

"திங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சா?"

"நவ்ஃபல்தான் பெரிய பங்கு. நேரலைல உக்காந்து பாத்துட்டிருப்பான். ஒரு தடவைதானே, விடேன்."

"போன வாரமும் ஒரு தடவைதான்."

அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

பிரியாணி வந்தது. இறைச்சியின் கெட்ட வாடை கேமராவுக்குப் பின்னால் நின்ற ஜெஸ்னாவுக்கே அடித்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஷமீல் ஒரு வாய் வைத்தான், மெல்லாமல் விழுங்கினான். "மணம் பாருங்க, மணம்" என்றான். ஜெஸ்னாவுக்குக் கேமராவை அந்தத் தட்டிலேயே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

"சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள், வேண்டுமென்றே.

சொன்னான்.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அந்த அப்பா ஷமீலை அடையாளம் கண்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "ஷமீல் சாப்பிடறதையே குடுங்க. பிள்ளைங்களுக்கும் அதுவே."

ஷமீல் சட்டையில் குத்தியிருந்த மைக்கை உள்ளங்கையால் பொத்தினான். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்த மனிதரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தான்.