அத்தை வைத்த பூ

குட்டி யானை வண்டி வாசலில் வந்து நின்றபோது நான் ஆய்வுக்குத் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலில் பட்டுப்புடவை கட்டிய சொந்தக்காரப் பெண்கள் இறங்கினார்கள். பின்னாலேயே தட்டுகள் இறங்கின. பழம், வெற்றிலை பாக்கு, ஒரு புதுப்புடவை, வாழையிலையில் சுருட்டிய மல்லிகைப் பந்து. பொண்ணுக்குப் பூ வைக்க வருகிறார்கள். அந்த வீட்டில் பொண்ணு என்று இருந்தவள் நான் ஒருத்திதான்.

நான் பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சொந்த ஊர் கரிக்கலாம்பாக்கம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எங்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. பாகூர் ஏரித் தண்ணீர் சுற்றியுள்ள கிணறுகளில் எப்படி ஊறுகிறது என்று ஆய்வு செய்ய, ஒரு வருடப் படிப்புக்காக வந்திருந்தேன். தங்கியிருந்தது அப்பாவின் அக்கா வீட்டில். அத்தைக்கு ஒரே பையன், திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலை. அத்தை பையன் என்றால் முறை மாப்பிள்ளை என்று எனக்கும் தெரியும். அதெல்லாம் சும்மா கேலி பேசுவதற்கு என்று நினைத்திருந்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.

எல்லாருக்கும் முன்னால் வந்தவர் அத்தையின் ஓரகத்தி, இறந்துபோன மாமாவின் அண்ணி. நான் பெரிய அத்தை என்று கூப்பிடுவேன்.

"இன்னாடி, இன்னும் நைட்டியில நிக்கிற? மூஞ்சக் கழுவிக்கினு வந்து புடவயக் கட்டு."

"யாருக்குப் பூ வைக்கிறீங்க?"

"நம்ம புள்ளைக்குத்தான். கையில வெண்ணெய வச்சிக்கினு நெய்க்கு அலைவாங்களா? பிரெஞ்சுப் பொண்ணு வூட்லயே இருக்கசொல்ல வெளியில எதுக்குத் தேடணும்?"

எனக்கு வேண்டாம் என்றேன். எந்தப் பொண்ணு எடுத்த எடுப்பில் சரி என்று சொல்லியிருக்கிறாள் என்று கேட்டுச் சிரித்தார்கள். இனிமேல் ஏரிக்கரையில் தனியாகச் சுற்றக் கூடாது, பூ வைத்த பொண்ணுக்கு அது அழகில்லை, தையில் கல்யாணத்தை முடித்து அவனையும் கையோடு பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, கல்யாணம் நிச்சயம். அதற்கப்புறம் முடியாது என்றால் ஓடுகாலிப் பட்டம்தான். என் படிப்பு முடிய இன்னும் பாதி வருடம் பாக்கியிருந்தது.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு ஓடினேன். பாரிஸில் அப்போதுதான் விடிந்திருக்கும். அப்பா எடுத்தார்.

"அப்பா, இங்க எனக்குப் பூ வைக்க வந்திருக்காங்க."

"பூதானம்மா வைக்கிறாங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏரி, கெணறு எல்லாம் சரிம்மா. அதப் பாக்கறதுக்கு மட்டுமா உன்ன அவ்ளோ தூரம் அனுப்பனேன்? அக்காவுக்கு நான் ஒன்னுமே செஞ்சதில்ல."

இந்தப் படிப்புக்காக அவரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். திடீரென்று ஒருநாள் சரி என்றார். எங்கப்பா மாதிரி உண்டா என்று சிநேகிதிகளிடம் பீற்றிக்கொண்டேன். பொண்ணை அவரே விமானம் ஏற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பாவி மனுஷன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் புடவையைச் சுற்றினார்கள். பாயில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் தோளில் கை. பெரிய அத்தை பூப்பந்தைப் பிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அழுகையும் வந்தது, அதை இவர்களுக்குக் காட்டக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அத்தையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, முன்னால் உட்கார வேண்டியவர், அடுப்படி வாசலில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வெறும் விபூதி. தினமும் சாயங்காலம் எனக்காக மொட்டு வாங்கிக் கட்டுவார். கட்டி முடித்துக் கையில் கொடுப்பார், "நீயே வச்சிக்கோ" என்பார். ஒருமுறைகூட என் தலையில் வைத்ததில்லை. ஏன் என்று அவர் பையனிடம் கேட்டிருக்கிறேன். "அப்பா போனதுலேர்ந்து யாருக்கும் வைக்க மாட்டாங்க. வச்சா ஆவாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

"நில்லுங்க" என்றேன். "அத்தை வைக்கட்டும். அத்தை வச்சா உக்காருவேன். வேற யாரு கை பட்டாலும் எழுந்து போயிடுவேன்."

தோளில் இருந்த கைகள் விலகின.

"தெரியாம பேசாதடி" என்றார் பெரிய அத்தை. "அது வைக்கக் கூடாது."

"அவங்க பையனுக்குத்தான பொண்ணு? அவங்க வைக்கக் கூடாதுன்னா எனக்கு வேணாம்."

தெரியாமல் பேசவில்லை. தெரிந்துதான் பேசினேன். அத்தை வர மாட்டார், காரியம் அத்தோடு நிற்கும் என்பதுதான் என் கணக்கு. ஆனால் அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலைத் தாண்டி வந்தார்.

"நீ எங்கமா வர்ற? அங்கயே நில்லு" என்றார் பெரிய அத்தை.

அத்தை நிற்கவில்லை. பெரிய அத்தையின் கையிலிருந்து பூவை வாங்கினார். எனக்கு உயிர் போய்விட்டது. என் வாயாலேயே மாட்டிக்கொண்டேனே என்று நினைத்தேன். அவர் விரல்கள் என் பின்தலையில் தடவித் தடவி இடம் தேடின. ஹேர்பின் தோலில் குத்தியது. நான் அசையவில்லை.

"போச்சி" என்றார் பெரிய அத்தை. "தாலியறுத்தவ கையால வச்ச பூவு. இது எப்படி வெளங்கும்? எடுங்கடி தட்ட."

இந்தப் பொண்ணு இனி நம்ம புள்ளைக்கு ஆகாது என்று வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். புதுப்புடவையையும் அவிழ்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னைக் காப்பாற்றத்தானே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"உன்ன எங்கடி காப்பாத்தனேன்" என்றார். "நீ எம்மருமவளா வந்தா நல்லாருக்கும்னு எனக்குந்தான் ஆச. நாளைக்கி வேற ஒருத்தியப் பாப்பாங்க. அன்னைக்கும் என்ன அடுப்படியிலதான் நிக்க வைப்பாங்க. இன்னைக்கி நீ கூப்ட. வந்தேன்."

அப்பாவிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு பாட்டில்களைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"ஏரிக்குப் போவணும்னியே, கெளம்பு. வெயில் ஏறிடும்."

கண்ணாடியில் பார்த்தேன். பூ ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. அதைச் சரி செய்யாமலே கிளம்பினேன்.